பெரிய எழுத்து

1949. ராபின்சன் சாலை, இரண்டாம் மாடி.
ஒரு தட்டச்சுப்பொறி, ஒரு பசை டப்பா,
ஆவியில் பிரித்த கடிதங்கள்.
தமிழை இங்கிலீஷாக்கி மேலே அனுப்பவேண்டும்.
மாதம் நூற்றுப் பத்து வெள்ளி.

மார்ச்சில் வைரக்கண்ணுவைக் கப்பலேற்றினார்கள்.
துறைமுகச் சங்கத்தின் பொருளாளர்.
நாலு வயதில் வந்தவனை
நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்புவதாக
உத்தரவு சொன்னது.
கையில் விலங்கு. தளத்தில் நின்று
தலையைத்தான் அசைக்க முடிந்தது.

அவன் மனைவி மரகதவல்லி என் தங்கை.
அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது.

பையனுக்கு விடுதலை என்று பெயர் வைத்தது அவன்தான்.
வேண்டாமென்றேன்.
"பெயர்தானே மச்சான், அதையுமா பிடித்துக்கொண்டு போவார்கள்?"

ஜூனில் அங்கிருந்து முதல் கடிதம்:
விடுதலைக்குப் பல் முளைத்ததா?

நம் எழுத்தில் பெயருக்கென்று
தனியாகப் பெரிய எழுத்துக் கிடையாது.
இங்கிலீஷில் உண்டு.
சுண்டுவிரல் ஒரு விசையை அழுத்தினால்
அது ஒரு குழந்தை.
அழுத்தினால், குழந்தை என்று உனக்கெப்படித் தெரியும்
என்று கேட்பார்கள்.
நான் அழுத்தவில்லை.

துரை சிவப்புப் பென்சிலை எடுத்தார்.
"விடுதலைக்கு எதற்குப் பல்?"
கடிதம் கோப்புக்குள் போனது.

ஆகஸ்டில் தொண்டை அடைப்பான்.
மூன்று நாள்.
டாக்சிக்காரன் ஏற்றமாட்டேன் என்றுவிட்டான்.
பால் டின் வந்த மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
திரிஷாவில் பிடாடரிவரை போனேன்.
வழியெல்லாம் மழை. பெட்டியின் பக்கத்தில்
ஒரு பசுமாடு சிரித்துக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் அவள் கையெழுத்து என் மேசைக்கு வந்தது.
விடுதலை நம்மை விட்டுப் போய்விட்டான்.
அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போனார்.
பிடாடரியில் வைத்திருக்கிறோம்.

போய்விட்டான்.
பிள்ளை முழுவதும் அந்த 'ஆன்' என்பதில்தான் இருந்தான்.
அது இங்கிலீஷில் ஏறாது.
ஏற்ற வழியில்லாமலா? ஓரத்தில்
ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம்.
எழுதும் வழக்கமும் உண்டு.

"எங்கே போயிற்று விடுதலை?"
"தெரியாது ஐயா."
"யார் இந்த அண்ணன்?"
"தமிழில் எல்லோரும் அண்ணன்தான், ஐயா."
சிரித்தார். பிறகு சிரிக்காமல்,
"பிடாடரியில் எதை வைத்திருக்கிறார்கள்?"

மறுநாள் இரண்டு கான்ஸ்டபிள்கள்
மண்வெட்டியோடு போய்த் திரும்பினார்கள்.
ஒருவன் படிக்கட்டில் உட்கார்ந்து
பூட்ஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
அன்று வந்த மற்றக் கடிதங்களை
பிழையில்லாமல் அடித்து முடித்தேன்.

அதற்குப் பின் இரண்டு வருஷம்.
அவன் எழுதியதும் உள்ளே. அவள் எழுதியதும் உள்ளே.
காசு கேட்டது, காசு கிடைத்தது, உடம்பு பரவாயில்லை
இவற்றை மட்டும் விட்டார்கள்.
மற்றதெல்லாம் ஒரே கோப்பில்
முதுகோடு முதுகாகக் கிடந்தன.
சில நாள் சாப்பாட்டு நேரத்தில்
அவன் கேள்விக்குக் கீழே அவள் பதிலை வைத்துப் பார்ப்பேன்.
பொருந்தும்.

தீபாவளிக்குக் கம்போங் பாருவில் அவள் வீட்டுக்குப் போனேன்.
புது வேட்டி கொடுத்தாள். காப்பி கொண்டுவந்தாள்.
"பெத்த பிள்ளையைப் பத்தி ஒரு வரி எழுதலையே அண்ணே,
அந்த மனுஷன்.
அங்க போனதும் நெஞ்சு கல்லாயிடுச்சா?"

அன்று காலை வந்திருந்தது அவனுடைய பதினோராவது:
இப்போது ஓடுவானே,
வாய்க்கால் பக்கம் விடாதே.

தம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டேன். சூடு.
தபால்தானே, முன்னே பின்னே ஆகும் என்றேன்.
சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.
போதும் என்றேன்.